அன்றாட உடைக்கும் அளவுகோல் உண்டு: கொங்கு நாட்டிலிருந்து ஓர் எளிய விளக்கம்

'கேஷுவல்' என்று துணிக்கடைப் பலகைகளிலும் அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் எழுதப்படும் உடை எது என்று கேட்டால், பெரும்பாலோர் டி-சர்ட்டையும் ஜீன்ஸையும் காட்டுவார்கள். அது விடையில் ஒரு பகுதி மட்டுமே. சடங்கோ பதவியோ சீருடையோ கட்டாயப்படுத்தாத நேரத்தில், தமக்கு வசதியாகவும் பிறர் கண்ணை உறுத்தாமலும் ஒருவர் உடுத்திக்கொள்வது அனைத்தும் அன்றாட உடைதான். இந்த வரையறையின்படி பார்த்தால், புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தைக்கு மாடு பிடித்து வருபவரின் நாலு முழ வேட்டியும், சரவணம்பட்டியில் மென்பொருள் எழுதுபவரின் காலர் வைத்த பனியனும், திருப்பூரில் ஓவர்லாக் தையல் மிஷினில் அமர்ந்திருக்கும் பெண்ணின் சுடிதாரும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு; ஆனால் ஒருவர் பிழையாகப் பேசிவிட்டால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அன்றாட உடையும் அப்படிப்பட்டதே. திருமணத்துக்குப் பட்டு, நீதிமன்றத்துக்குக் கறுப்பு அங்கி என்பவற்றை யாரேனும் சொல்லியோ எழுதியோ தந்துவிடுகிறார்கள். பால் வாங்க எதை உடுத்திக்கொண்டு போகலாம், பேருந்து நிலையத்துக்கு எதை உடுத்தக் கூடாது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. ஆயினும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது தெரிந்தே இருக்கிறது. படிப்புக்கோ வேலைக்கோ புதிதாகக் கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் வருபவர்கள் தடுமாறுவது இந்த எழுதப்படாத பகுதியில்தான். ஆகவே எந்த உடை அழகு என்பதைக் காட்டிலும், அந்த மறைவான விதிகள் எதன்மேல் நிற்கின்றன என்பதையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

உள்ளே இருந்தது வெளியே வந்தது

இன்று உலகெங்கும் சாதாரண உடை என்று வழங்குபவற்றில் பெரும்பாலானவை உள்ளாடையாகவோ உழைப்பாளியின் உடையாகவோ விளையாட்டு உடையாகவோ பிறந்தவை. டி-சர்ட்டின் இன்றைய வடிவத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, அமெரிக்கக் கடற்படை 1913 வாக்கில் மாலுமிகளுக்குச் சீருடைக்குள் அணிய வழங்கிய, காலரும் பொத்தானும் இல்லாத வெள்ளைப் பருத்திப் பனியன். வெப்பம் தாளாத இடங்களில் மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பனியனோடு வேலை செய்வது அவர்களுக்குப் பழக்கமாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் அதையே தெருவிலும் அணியத் தொடங்கினார்கள். ஜீன்ஸின் பிறப்பு இன்னும் கடினமான இடத்தில் நிகழ்ந்தது. 1873-இல் லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்றது, பைகளின் மூலைகள் கிழியாதிருக்கச் செப்பு ரிவெட் அடித்த வேலைக்காரக் கால்சட்டைக்குத்தான். காலர் வைத்த பின்னல் சட்டையை 1920களில் டென்னிஸ் மைதானத்துக்குக் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தவர் பிரெஞ்சு ஆட்டக்காரர் ரெனே லாகோஸ்ட். அதற்கு முன் ஆட்டக்காரர்கள் கைநீளச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு ஆடினார்கள்.

அலுவலகத்துக்குள் இவை நுழைந்தது பிற்காலத்தில். ஹவாய்த் தீவுகளில் 1960களில், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பூப்போட்ட உள்ளூர்ச் சட்டையோடு வேலைக்கு வரலாம் என்ற வழக்கம் உருவாகி, 1990களில் அமெரிக்கா முழுவதும் பரவியது. கோவையின் கணினி நிறுவனங்களில் வெள்ளிக்கிழமையன்று ஜீன்ஸுகள் திடீரெனப் பெருகுவதற்கு மூலம் அதுதான்.

கொங்கு நாட்டுக்கு இந்த வரலாறு அயலூர்க் கதையன்று. கோவையின் முதல் நூற்பாலை 1888-இல் தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்தபின் ஆலைகள் வேகமாகப் பெருகின. அந்த நூலை அருகில் வைத்துக்கொண்டு திருப்பூர் பல பத்தாண்டுகள் பின்னியது பெரும்பாலும் உள்நாட்டுக்கான வெள்ளை உள்பனியனைத்தான். ஏற்றுமதி வலுவாக வேரூன்றிய 1980களுக்குப் பின்பே, அதே ஊர் அதே வகை வட்டப் பின்னல் மிஷின்களில் உலகத்தார் வெளியே போட்டுக்கொள்ளும் டி-சர்ட்டுகளைச் செய்து குவித்தது. உள்ளாடையிலிருந்து வெளியாடைக்கு உலகம் நடந்து போன அதே வழியில், திருப்பூரும் தன் பட்டறைக்குள்ளேயே நடந்து போயிருக்கிறது.

இதன் விளைவை இன்றும் வீடுகளில் காணலாம். பனியன் தெரிய வெளியே போவது அரைகுறையாகப் போவதாகும் என்று தாத்தா நினைக்கிறார். எக்ஸ்போர்ட் டி-சர்ட் போட்டுக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பும் பேரனிடம், "ஏங்கண்ணு, மேல சட்டை போடலையா?" என்று அவர் கேட்பது குறும்புக்காக அன்று, அவருடைய அளவுகோலில் பேரன் இன்னும் உடுத்தி முடிக்கவில்லை. இருவரில் யார் தவறு என்று தீர்ப்பளிப்பதில் பொருளில்லை. வீட்டுக்குள் இருந்த ஓர் உடை தெருவுக்கு வரும்போது ஒரு தலைமுறையாவது அதை ஐயத்தோடுதான் பார்க்கும் என்பதே இங்கு நாம் அறிய வேண்டியது.

வீட்டு வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே

அன்றாட உடையின் முதல் விதி தொலைவைப் பற்றியது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகிறோமோ, அல்லது எவ்வளவு அறிமுகமில்லாதவர்கள் நம்மைப் பார்க்கப் போகிறார்களோ, அதற்கேற்ப உடை ஒரு படி உயர வேண்டும். இதற்கு நைட்டியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. இரவு உடையாக வந்த நைட்டி இன்று கொங்குச் சிற்றூர்களிலும் நகரக் குடியிருப்புகளிலும் பெண்களின் பகல்நேர வீட்டுடையாகிவிட்டது. தண்ணீர்க் குழாய்க்கும் தெருமுனை மளிகைக் கடைக்கும் போகும்போது அதன்மேல் ஒரு துண்டோ துப்பட்டாவோ தோளில் விழுகிறது. அந்தத் துண்டு வெயிலுக்காகவும் அன்று, குளிருக்காகவும் அன்று. 'நான் வீட்டு எல்லையைத் தாண்டியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்' என்ற அறிவிப்பு அது. அதே பெண் பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கு வண்டியை எடுத்தால், நைட்டியை மாற்றிச் சுடிதார் அணிகிறார். எங்கும் எழுதப்படாத இந்த எல்லைக்கோட்டை எத்தனையோ பெண்கள் பிசகில்லாமல் கடைப்பிடிக்கிறார்கள். நைட்டியைக் கேலி செய்து பேசுபவர்கள், சமையலறை வெப்பத்திலும் குனிந்து நிமிரும் வேலையிலும் அதைவிட வசதியான உடை ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசினால் நன்றாயிருக்கும்.

ஆண்களிடம் இதே வேலையை லுங்கியும் வேட்டியும் பிரித்துச் செய்கின்றன. லுங்கி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் டீக்கடைக்கும் உரியது. வங்கிக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ போகிறவர் வேட்டிக்கோ பேண்டுக்கோ மாறிக்கொள்கிறார். வேட்டிக்குள்ளும் படிகள் உண்டு. சுமார் 2 மீட்டர் நீளமுள்ள ஒற்றை வேட்டியான நாலு முழம் வேலைக்கும் நடமாட்டத்துக்கும் ஏற்றது. அதன் இருமடங்கான எட்டு முழம், இரட்டையாக மடித்துக் கட்டப்படுவதால் உள்ளே தெரியாது, ஆகவே நாலு பேர் முன்னால் உட்கார வேண்டிய இடங்களுக்கு அதுவே தகும். அதைவிட நுட்பமானது, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவதும் அவிழ்த்து விடுவதும். வரப்பில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் மடித்துக் கட்டியிருப்பவர், பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் பேச்சைத் தொடங்கும் முன்பே மடிப்பை இறக்கி விடுகிறார். ஒரே உடை, அதே நிமிடத்தில், தளர்வான நிலையிலிருந்து மரியாதையான நிலைக்கு மாறிவிடுகிறது. கால்சட்டையால் இதைச் செய்ய இயலாது. (மடித்துக் கட்டும் பழக்கமுள்ளவர் உள்ளே கோடு போட்ட பட்டாப்பட்டி டிரவுசரோ அரைக்கால் சட்டையோ அணிவது எழுதப்படாத துணை விதி. ஒட்டிக்கொள்ளும் பட்டையோடு வேட்டி விற்கத் தொடங்கியபின், கட்டத் தெரியாதவர்களும் துணிந்து உடுத்துகிறார்கள். மடித்துக் கட்டும்போதுதான் அந்தப் பட்டை காலை வாரிவிடும்.)

வேலை என்பது இரண்டாவது விதி. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் சேலையின்மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை அணிவதைக் கொங்கு நாட்டில் காணாதவர் இருக்க முடியாது. வெயிலும் செடியின் சுணையும் சிமெண்டுத் தூசியும் கையில் படாது, முந்தானை காற்றில் பறக்காது, வியர்வையும் சட்டையோடு போய்விடும். நூற்பாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பெண்கள் சேலைக்கு மேல் கோட்டும் தலையில் தொப்பியும் அணிவது பாதுகாப்புக்காக: சுழலும் உருளையருகே தொங்கும் துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் உயிரை வாங்கக்கூடியவை. லேத் பட்டறையில் தளர்வான கைச்சட்டையும் வேட்டியும் கூடாது என்பதற்கும் காரணம் அதுவே. இப்படிப்பட்ட இடங்களில் 'எனக்குப் பிடித்த உடை' என்ற வாதத்துக்கு இடமில்லை. உடையை மிஷின் முடிவு செய்கிறது.

மூன்றாவதாக, அலுவலகம். இங்கே 'ஃபார்மல்', 'பிசினஸ் கேஷுவல்', 'ஸ்மார்ட் கேஷுவல்', 'கேஷுவல்' என நான்கு சொற்கள் புழங்குகின்றன; புதியவர்களைக் குழப்புவதும் இவைதாம். ஃபார்மல் என்றால் ஆண்களுக்கு ஒற்றை நிற அல்லது மெல்லிய கோடுள்ள முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, மடிப்பு கலையாத பேண்டும் ஷூவும். பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார். பிசினஸ் கேஷுவலில் ஷூவும் உள்ளே விட்ட சட்டையும் இருக்கும், ஆனால் நிறமும் துணியும் தளரும். முழுக்கையை மடித்துக்கொள்ளலாம், பெண்கள் பருத்திக் குர்த்தியும் நேரான பேண்டும் அணியலாம். ஸ்மார்ட் கேஷுவலில் சட்டை வெளியே வரலாம், காலர் வைத்த பின்னல் சட்டையும் கிழிசலில்லாத அடர்நிற ஜீன்ஸும் செல்லுபடியாகும். காலரில்லாத டி-சர்ட் கடைசிப் படியான கேஷுவலுக்குரியது. எழுத்து பெரிதாக அச்சடித்த டி-சர்ட்டை, அந்த எழுத்தின் பொருளை முழுவதும் படித்துத் தெரிந்துகொள்ளாமல் அணியவே கூடாது. ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட்டுகளில் என்னென்ன மொழியில் என்னென்ன எழுதியிருக்கும் என்பதைத் திருப்பூர்க்காரர்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அரசு அலுவலகங்களுக்கான அளவு சற்று மாறுபட்டது. தமிழக அரசு 2019-இல் தன் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆணையில், பெண்களுக்குச் சேலை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார் ஆகியவையும், ஆண்களுக்குச் சட்டையோடு பேண்டோ வேட்டியோ என்றும் குறிப்பிட்டது. வேட்டி அங்கே தகுதியான அலுவலக உடையாகவே நிற்கிறது. ஆனால் 2014-இல், வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. ஆங்கிலேயர் காலத்து விதி அங்கே அதுவரை உயிரோடிருந்தது. அதே ஆண்டில் சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டிக்கு அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஓரிடத்தில் நிறைவான உடை இன்னோர் இடத்தில் குறைவுடையாகக் கருதப்படுவது துணியின் இயல்பால் அன்று, அந்த இடத்தின் விதியை வகுத்தவர் யார் என்பதால்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோயிலுக்கு வேட்டியோ பேண்டோ, சேலையோ துப்பட்டாவோடு சுடிதாரோ போதும். அரைக்கால் சட்டையையும் கையில்லாத மேலாடையையும் தவிர்ப்பதே பேரூரிலும் மருதமலையிலும் பழனியிலும் நடைமுறை. நோம்பி எனப்படும் பண்டிகைக்கும் காதுகுத்துக்கும் புதுத்துணி. துக்க வீட்டுக்கு மட்டும் அன்றாட உடைதான் முறையான உடை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: பளிச்சென்ற நிறமும் சரிகையும் இல்லாத, திரும்பி வந்ததும் நனைத்துப் போட்டுத் தலைமுழுகக்கூடிய எளிய பருத்தித் துணி.

விதியை வகுத்தவர் யார்

அன்றாட உடையின் எழுதப்படாத விதிகள் அனைத்தையும் பண்பாடு என்று போற்றிவிட முடியாது. தோளில் துண்டு போடுவது, காலில் செருப்பு அணிவது, வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டுவது ஆகியவை கொங்கு நாட்டிலும் பிற பகுதிகளிலும் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் ஊர்த் தெருவுக்குள் வரும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 'அவரவர் நிலைக்கேற்ற உடை' என்ற இனிமையான சொற்றொடருக்குள் இந்த வன்முறையும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒருவரின் உடையைப் பார்த்தே அவருடைய சாதியையும் சொத்தையும் ஊகித்துவிடலாம்.

பனியன் கம்பெனிகளின் ஊரில் அந்த ஊகம் பெருமளவு தளர்ந்துபோயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருப்பூர்க் கடைவீதியில் நடப்பவர்களில் முதலாளியின் மகன் யார், கட்டிங் மாஸ்டர் யார், வடநாட்டிலிருந்து வந்து பவர் டேபிளில் தைப்பவர் யார் என்பதை டி-சர்ட்டையும் ஜீன்ஸையும் மட்டும் வைத்துச் சொல்வது கடினம். விலை வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. கைக்கடிகாரமும் ஷூவும் பேசத்தான் செய்கின்றன. இருந்தாலும், பிறப்பைக் காட்டிக்கொடுக்காத உடை ஒன்றை எவரும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம் என்பது சிறிய மாற்றமன்று. ஆகவே 'இப்போதெல்லாம் யார் என்னவென்றே தெரியவில்லை' என்று எவரேனும் குறைப்பட்டுக்கொண்டால், அது நல்லதாயிற்றே என்றே நான் எண்ணுகிறேன்.

இதனால் ஒரு விதியை ஏற்பதற்கு முன் அதன் காரணத்தைக் கேட்பது நல்லது. மிஷின் அருகே துப்பட்டா வேண்டாம் என்பதற்கு உயிர்க்காப்பு என்ற காரணம் இருக்கிறது. பெரியவர் முன்னால் மடிப்பை இறக்குவது ஒருவர் தாமே விரும்பிக் காட்டும் மரியாதை. கல்லூரியில் மாணவிக்கு மட்டும் துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊசி குத்தி அணியச் சொல்லிவிட்டு, மாணவனுக்குச் சட்டையை உள்ளே விடுவதோடு நிறுத்திக்கொள்ளும் விதிக்கு அப்படி எந்தக் காரணத்தையும் சொல்லிவிட முடிவதில்லை.

அளவும் துணியும்

அன்றாட உடையில் விலையைவிடவும் பிராண்டைவிடவும் முதலில் கண்ணுக்குத் தெரிவது அளவுதான். சடங்குடையில் சரிகையும் நகையும் பிழையை மறைத்துவிடும். எளிய உடைக்கு அந்தத் துணை கிடையாது. சட்டையோ டி-சர்ட்டோ, தோள்தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் அமர வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் அண்ணனுடைய சட்டையாகத் தோன்றும். மேலே ஏறினால் கைதூக்கும்போது இழுக்கும். வேண்டுமென்றே தளர்வாகத் தைக்கும் இக்கால 'ஓவர்சைஸ்' வகை இதற்கு விலக்கு. அதில்கூட நீளம் அளவோடு இருந்து அகலம் மட்டுமே கூடியிருக்கும். அரைக்கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் முடிந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். வெளியே விடும் மேலாடை இடுப்புப் பட்டையை மறைத்து, ஜிப்பின் பாதி அளவில் நிற்க வேண்டும். நெய்த சட்டையின் அடிவிளிம்பு வளைந்து முன்னும் பின்னும் நீண்டிருந்தால் அது உள்ளே விடுவதற்கென்று வெட்டப்பட்டது; நேராக இருந்தால் வெளியே விடுவதற்கு. இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது துணி. சட்டைத்துணி பாவும் (நீளவாட்டு இழை) ஊடையுமாக (குறுக்கு இழை) தறியில் நெய்யப்படுவது. டி-சர்ட் துணி ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னப்படுவது. வளையங்கள் நீண்டு சுருங்குவதால் பின்னலாடை உடலோடு இழைந்து கொடுக்கிறது. அதே காரணத்தால் கழுத்தும் அடிவிளிம்பும் நாளடைவில் தொய்ந்தும் போகிறது. பின்னல் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள்: ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 140 முதல் 160 வரையுள்ளது மெல்லியது, வெயிலுக்கு இதமானது, ஆனால் வெள்ளை நிறத்தில் உடல் தெரியக்கூடும். 180 அளவிலுள்ளது பொதுவான தேர்வு. 220-ஐத் தாண்டியது கனத்து நின்று வடிவு தரும். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அதை அணிந்துகொண்டு பேருந்துக்கு நிற்பது தவம். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஓரளவு துணை செய்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் காற்றே மெல்லிய துப்பட்டாவையும் ஒற்றை வேட்டியையும் பாடாய்ப் படுத்தும் என்பதால், அப்போது சற்றுக் கனமான துணியே நிம்மதி. நூலின் எண் கூடக்கூட நூல் மெலியும்; 30-ஆம் நம்பரைவிட 40-ஆம் நம்பர் நூலில் பின்னியது மென்மையாயிருக்கும். 'கோம்டு' என்று குறித்திருந்தால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல் என்று பொருள். அதில் பிசிறு குறைவு. கலப்பில் பாலியெஸ்டர் கூடினால் சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் வியர்வை நாற்றத்தைத் தங்க வைத்துக்கொள்ளும். விளையாடப் போகிறவருக்கு அது சரி, மதியம் முழுவதும் கடையில் நிற்பவருக்குப் பருத்தியே மேல்.

சேலை விரும்புபவர்களுக்குக் கொங்கு நாட்டிலேயே அன்றாடத்துக்கு ஏற்ற கைத்தறி உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நெகமம் பருத்திச் சேலை வியர்வையை உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மென்மையாகும்; பள்ளி ஆசிரியைகள் இதை விரும்பிக் கட்டுவதில் வியப்பில்லை. பருத்தியோடு பட்டு இழை கலந்த கோவை கோரா சேலை எடையில் இலேசானது. அலுவலகத்திலிருந்து நேராக ஒரு வரவேற்புக்குப் போக வேண்டிய நாளில் அது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில், ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியவையும் தரச் சோதனையில் கழிக்கப்பட்டவையும் கலந்தே விற்கும். மிஞ்சியவை நல்லவை, கழிக்கப்பட்டவற்றுக்கு ஏதேனும் ஒரு காரணம் இருக்கும், அது எதுவென்று கண்டுபிடிப்பதே வாங்குபவரின் வேலை. டி-சர்ட்டை மேசையில் பரப்பிப் பக்கத் தையலைப் பார்க்க வேண்டும். அது நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் பின்னல் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துவைத்தபின் இன்னும் முறுக்கும், இஸ்திரி போட்டாலும் தீராது. கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளையும் நூல் அறுந்த கோடும் தெரியும். அடர்நிறத் துணியை ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தால் சாயம் நிற்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அளவுச் சீட்டை நம்ப வேண்டாம். ஐரோப்பிய 'எம்' நம் ஊர் 'எல்' ஆக இருப்பதுண்டு. பருத்திப் பின்னல் முதல் துவைப்பில் சுருங்கக்கூடும் என்பதால், 28 அங்குல நீளத்தில் 5 விழுக்காடு போனால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் குறையும் என்ற கணக்கோடு வாங்குவது நல்லது.

துவைப்பும் பராமரிப்பும்

கொங்கு நாட்டில் உடையின் தரத்தைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்த இடம் ஆழ்குழாய்த் தண்ணீருக்கு. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவைத் தெருக்களில் சோப்பு எளிதில் நுரைக்கும்; பல்லடம், காங்கயம் பக்கத்து உப்புத் தண்ணீரில் நுரை எழாது, சோப்பும் உப்பும் சேர்ந்த படிவு துணியில் தங்கி வெள்ளையைப் பழுப்பாக்கும், பருத்தியை விறைப்பாக்கும். அங்கெல்லாம் சோப்பை இன்னும் கூட்டிப் போடுவது பயன் தராது. இரண்டு முறை அலசுவதும், கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரோ ஆற்றுக் குழாய்த் தண்ணீரோ பயன்படுத்துவதும் பயன் தரும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலத்தை வாளித் தண்ணீரில் முழுவதும் கரைத்தபின்பே துணியை நனைக்க வேண்டும். துணியின்மேல் நேராக விழுந்தால் திட்டு நிற்கும். கஞ்சி மெல்லியதாக இருந்தால் போதும். விறைத்து நிற்கும் வேட்டி மேடைக்கு அழகு, நடமாடுபவருக்குத் தொல்லை.

டி-சர்ட்டையும் அடர்நிற ஜீன்ஸையும் உள்பக்கம் வெளியாகத் திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்தினால் நிறம் நீடிக்கும். ஈரப் பின்னலாடையைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீரின் எடை அதை நீட்டிவிடும். கொடியில் பாதியாக மடித்துப் போடுவதே சரி. அச்சடித்த பகுதியின்மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கக் கூடாது. சட்டையில் காலரின் உட்புறத்தையும் கையோரத்தையும் சோப்புப் போட்டு முன்னதாகத் தேய்த்து வைத்தால், மற்றப் பகுதியை அடித்துத் துவைக்க வேண்டிய தேவையே எழாது. செருப்பும் இதில் சேர்த்தி. நல்ல வேட்டிக்குக் கீழே தேய்ந்த ரப்பர் செருப்பு இருந்தால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

கழுத்து தொய்ந்தோ, அக்குளில் மஞ்சள் பாய்ந்தோ, காலர் நுனி பிரிந்தோ போன உடை தெருவுக்குரிய தகுதியை இழந்துவிடுகிறது. அதை வீட்டுடையாக்கிவிட்டு, வீட்டுக்கும் ஆகாதபோது கரித்துணியாக்கிக்கொள்ளலாம். கோவைப் பட்டறைகளில் மிஷின் துடைக்கக் கிலோக் கணக்கில் வாங்குவதும் பனியன் வேஸ்ட்தான். பழைய பருத்தி டி-சர்ட்டை வெட்டி வைத்தால் இருசக்கர வண்டி துடைக்க அதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது.